சட்டாம்பிள்ளையும் குடவோலையும்

திருவண்ணாமலை என்றால் தீபம் ஏற்றும் ஊர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். விருதுநகர் மாவட்டத்தில் இன்னொரு திருவண்ணாமலை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் சிறு குன்று, அதன்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரமே அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும். மேற்கே தொடர்ச்சி மலை; கீழே தோப்பும் வயலும், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி.

அந்தப் பள்ளிகளில் எதற்குள் நுழைந்தாலும் வாசல் சுவரில் பெரும்பாலும் ஒரு எழுத்து கண்ணில் படும்: வாக்குச்சாவடி எண். பெரியவர்கள் ஓட்டுப் போட வருவது பிள்ளைகளின் வகுப்பறைக்குத்தான். தேர்தலன்று பிள்ளைகளுக்கு விடுமுறை. மறுநாள் வரும்போது பெஞ்சுகள் இடம் மாறியிருக்கும், சுவரில் ஒட்டிய அம்புக்குறித் தாள் பாதி கிழிந்து தொங்கும். அவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் டீச்சர்தான் வேறொரு ஊர்ப் பள்ளியில் எலெக்‌ஷன் டூட்டி பார்த்து, ராத்திரி வெகுநேரம் கழித்துப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்திருப்பார். வாக்காளர் பட்டியல், மை, ரகசிய மறைப்பு, பூத் ஏஜென்ட் எல்லாம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைப்பழக்கம். பள்ளியில் மாணவர் தேர்தல் நடத்தலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வருவது இயல்பு. பல பள்ளிகள் நடத்துகின்றன. சில இடங்களில் கைப்பேசியில் இருக்கும் ஓட்டு இயந்திரச் செயலியை வைத்து, பீப் சத்தத்தோடு நடத்துகிறார்கள்.

அப்படி ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அஞ்சாப்பில் நாலு பேர் நின்றார்கள். ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் மாங்காய், பம்பரம், குடை, மீன் என்று நாலு படம். 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மேல் சின்னம் ஒட்டினார்கள். படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட அன்று கண்டுபிடித்த வழி இன்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் போதுமானதாக இருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. சாக்பீஸ் டப்பாவில் துளை போட்டு ஓட்டுப் பெட்டி. இடது ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனா மை. அந்த விரலைப் பிள்ளைகள் சாப்பிடும்போதுகூடத் தூக்கியே வைத்திருந்தார்கள், மை அழிந்துவிடக் கூடாதென்று.

மதியம் எண்ணினார்கள். மாங்காய்க்கு முப்பத்தொன்று. பம்பரத்துக்கு இருபத்தெட்டு. குடைக்குப் பன்னிரண்டு. மீனுக்கு ஒன்று. மீன் சின்னத்தில் நின்ற பையன் கரும்பலகையில் எழுதிய அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த ஒன்று யாருடைய ஓட்டு என்று பள்ளிக்கே தெரியும். அவனுடைய தங்கை மூணாப்பில் படிக்கிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஜெயித்த பிள்ளைக்குக் கைதட்டினார்கள். பேட்ஜ் குத்தினார்கள். அடுத்த வாரம் அதே பள்ளிக்குப் போனேன். டீச்சர் பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர் தலைவர் கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்று, பேசினவர்கள் பெயரை ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்றாவது தடவைக்கு இன்னொன்று. மீன் சின்னத்துப் பையன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று இருந்தன.

இந்தக் கட்டுரை எழுந்த இடம் அதுதான். அத்தனை ஓட்டுச்சீட்டும் மையும் ரகசிய மறைப்பும் சேர்ந்து, கடைசியில் ஒரு சட்டாம்பிள்ளையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தன.

*

சட்டாம்பிள்ளை நமக்குப் பழைய ஆள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரம் அவன்தான் வாத்தியார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான், தப்பு செய்தவனைச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறை நம்மூரோடு நிற்கவில்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தன் இல்லத்தில் செய்து பார்த்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையில் தோன்றிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

மூத்தது இளையதுக்குச் சொல்லிக்கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டியிருக்கும்போது அது இல்லாமல் நடக்காது. கேள்வி அந்தப் பிள்ளையின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, யாரை நோக்கிப் போகிறது என்பது. சட்டாம்பிள்ளையை வாத்தியார் நியமிக்கிறார். அவன் வாத்தியாரின் கண்ணாக இருந்து பிள்ளைகளைப் பார்க்கிறான். தேர்தலில் வரும் பிள்ளையைப் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். அது பிள்ளைகளின் வாயாக இருந்து வாத்தியாரிடம் பேச வேண்டும். இரண்டும் எதிர்த்திசை வேலைகள். ஓட்டு வாங்கி வந்த பிள்ளையின் கையில் பெயர் எழுதும் சாக்பீஸைக் கொடுத்தால், ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் ஓட்டாலேயே தண்டிக்கப்படுகிறார்கள். ஏழு வயதில் அதைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பிறகு எந்தப் பாடப்புத்தகம் ஜனநாயகம் கற்பித்தாலும் ஏறாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

நம்மிடம் இன்னொரு மரபும் இருக்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. குடும்பு என்ற முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றை எடுத்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். பள்ளித் தேர்தல் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இதைப் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பெருமையில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன.

ஒன்று, அது எல்லோருக்குமான சபை அல்ல. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் அறிந்திருத்தல், முப்பத்தைந்து முதல் எழுபது வயது என்று வரம்பு வைத்த பிராமண ஊர்ச்சபை. பெண்களும் மற்ற சாதியாரும் அந்தக் குடத்துக்குள் இல்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்கக் கூடாது.

மற்றொன்று இன்னும் முக்கியம். குடத்திலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பாலகனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் எதையும் மறைத்திருக்க முடியாதபடி. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தகுதி இழப்பார்கள். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் திரும்ப வர முடியாது. பதவிக்கு முன்பே வேலை வகுக்கப்பட்டிருந்தது: ஏரி வாரியத்துக்கு ஏரி, தோட்ட வாரியத்துக்குத் தோட்டம்.

வேலை, கணக்கு, சுழற்சி என்ற இந்த மூன்றையும் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் கொண்டுவந்திருப்பதோ ஓலையை மட்டும்.

*

தேர்தல் என்றவுடன் நம் பகுதியில் பேசாமல் இருக்க முடியாதது தெரு. அந்தப் பள்ளியில் ரெண்டாப்புப் பிள்ளையிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை, அதுவே சொன்னது: “எங்க தெரு அக்காவுக்குத்தான் போடணும்னு எங்கம்மா சொல்லுச்சு சார்.” சாதிப் பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரு தெரியும். தெருவுக்கு எத்தனை பிள்ளை என்று எண்ணிவிட்டால் முடிவைத் தேர்தலுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

இதே விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் 1996-இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பத்து வருடம் அங்கே ஒழுங்கான தேர்தலே நடக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய விடமாட்டார்கள்; யாராவது ஜெயித்தால் உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006-இல்தான் அது முறிந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்து அதில் பெரும்பங்கு ஆற்றிய த. உதயச்சந்திரன்தான் பின்னர் பள்ளிக் கல்வித் துறைச் செயலராகிப் பாடத்திட்ட மாற்றத்தை நடத்தினார். ஊராட்சித் தலைவர் நாற்காலியும் வகுப்பறை பெஞ்சும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவன் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் உட்காரவைத்தல் போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிறு கட்டிய கைகள் உயர்நிலைப் பள்ளியில்தான் தெரிகின்றன. ஆனால் “எங்க தெரு” ரெண்டாப்பிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே கை தூக்கச் சொல்லித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நம் பகுதியில் கூடவே கூடாது. யார் யாருக்குக் கை தூக்கினார்கள் என்று அன்று மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். ரகசிய ஓட்டு நல்லது. தெருக்கணக்கை அது மாற்றாது, பயத்தை மட்டும் குறைக்கும்.

வீட்டின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சென் வெய்ஜுன் எடுத்து 2007-இல் வெளிவந்த ஆவணப்படம் காட்டுகிறது. சீனாவின் வூஹான் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, வகுப்புத் தலைவர் பதவிக்கு மூன்று எட்டு வயதுப் பிள்ளைகள். பெற்றோர்கள் பேச்சு எழுதிக்கொடுக்கிறார்கள், எதிராளியின் குறையைப் பட்டியலிடச் சொல்கிறார்கள். ஒரு சிறுமி மேடையிலேயே அழுகிறாள். காவல்துறையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை வகுப்பு முழுவதையும் மோனோ ரயிலில் கூட்டிப்போகிறார். ஜெயித்தது அவர் மகன். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வழியில் திருமங்கலம் இருக்கிறது. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரோடு ‘ஓட்டுக்குப் பணம்’ என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது நம் பிள்ளைகளுக்கே தெரியும். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வகுப்பு முழுக்கப் போனால் அது அன்பளிப்பா, ஓட்டுக்கான விலையா என்று கேட்க ஒரு ஆசிரியர் தயாராக இல்லையென்றால் தேர்தல் நடத்தாமலிருப்பது நல்லது. கல்லூரித் தேர்தல்களுக்காக 2006-இல் லிங்டோ குழு விதித்தவற்றில் ஒன்று இங்கேயும் அப்படியே பொருந்தும்: அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும்.

இன்னொரு சான்று. சுவிட்சர்லாந்தில் ஐந்து முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளிடம், பிரான்சின் 2002 நாடாளுமன்றத் தேர்தலில் மோதிய இருவர் படத்தைக் காட்டி, உங்கள் கப்பலுக்கு இவர்களில் யார் தலைவராக வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கு எழுபத்தொன்று என்ற அளவில் அவர்கள் காட்டிய முகமே நிஜத் தேர்தலில் ஜெயித்தவர் முகம். அந்தோனாகிஸ், டால்காஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இது. சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில் பெரியவர்கள் பிள்ளைகளைவிட ஒன்றும் மேலே இல்லை. வேறு எதையாவது பார்த்து முடிவு செய்யப் பழக்க வேண்டுமென்றால், அதற்குப் பள்ளியைவிட்டால் இடமும் இல்லை.

*

நன்றாக நடந்த இடங்களும் உண்டு. ராஜஸ்தானின் திலோனியாவில் பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய நிறுவனம், பகலில் ஆடுமாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தியது. 1993-இல் அந்தப் பள்ளிகளுக்கென்று பிள்ளைகளின் பாராளுமன்றம் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், பிரதமர், அமைச்சர்கள். இவர்கள் பள்ளிகளைப் பார்வையிடுவார்கள்: விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, வாத்தியார் நேரத்துக்கு வருகிறாரா. குறை சொன்னால் பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே சட்டாம்பிள்ளையின் கண் திசை மாறிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்த கண் இப்போது பள்ளியைப் பார்க்கிறது. வார்சாவில் 1912-இல் தொடங்கிய அநாதை இல்லத்தில் யானுஷ் கோர்ச்சாக் பிள்ளைகளுக்கு நீதிமன்றமும் பாராளுமன்றமும் அமைத்தார். பெரியவர்கள்மீதும் அங்கே வழக்குத் தொடுக்கலாம். 1942-இல் அந்தப் பிள்ளைகளோடு அவரும் திரெப்ளிங்கா வதைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்.

நமக்கு மிகப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜான் வளர்த்தெடுத்த அண்டைவீட்டுக் குழந்தைகள் பாராளுமன்றங்கள் வேறு வழியில் போனவை. அங்கே யாரும் வேட்பாளராக நிற்பதில்லை. வட்டமாக உட்கார்ந்து, முதலில் அந்தப் பதவியின் வேலை என்ன என்று பேசுகிறார்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரைச் சொல்லி, ஏன் என்று காரணமும் சொல்ல வேண்டும். “அவ கோபப்படாம கேப்பா.” “அவன் சொன்னா மறக்க மாட்டான்.” மற்றவர் காரணத்தைக் கேட்டுத் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் வலுவான ஆட்சேபம் இல்லாத பெயர் நிற்கும். தோற்றவர் என்று ஒருவர் இல்லை. தன்னைப் பற்றிப் பிறர் சொன்ன நல்ல வார்த்தையோடு அநேகமாக எல்லாப் பிள்ளையும் எழுந்து போகிறது.

இதைப் படித்தபோது மீன் சின்னத்துப் பையன்தான் எனக்கு நினைவுக்கு வந்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று கரும்பலகையில் எழுத வேண்டிய தேவை என்ன? வெளிப்படையாக எண்ண வேண்டும் என்பார்கள். சரி, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு பிள்ளை உட்கார்ந்து எண்ணட்டும். ஜெயித்த பெயரை மட்டும் சொல்லட்டும். வளர்ந்த பிறகு தோல்வியைத் தாங்கலாம். அந்த வயதில் அது தோல்வியாகப் போய்ச் சேர்வதில்லை; ‘யாருக்கும் என்னைப் பிடிக்காது’ என்றுதான் போய்ச் சேரும்.

குலுக்கலா ஓட்டா என்று கேட்டால், இரண்டும் என்பேன். வேலைகளுக்குக் குலுக்கல்: தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக்கூடத்து வரிசை, விளையாட்டுச் சாமான், தோட்டம், நூலகப் பெட்டி. மாதம் ஒரு தடவை ஒண்ணாப்புப் பிள்ளையைக் கொண்டு சீட்டு எடுக்க வைக்கலாம். போன மாதம் செய்த பெயர் இந்த மாதம் டப்பாவில் இருக்காது. இதில் தெருக்கணக்கு செல்லாது, பிஸ்கட் செல்லாது, முகமும் செல்லாது. வகுப்புக்காகப் பேசுகிற பிள்ளைக்கு மட்டும் காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கும் கன்னியாகுமரி வழி. அதிர்ஷ்டத்தால் வரும் பொறுப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் ஒருவரை எடைபோட்டு, ஏன் இவள் என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைக் குலுக்கல் கற்றுத் தராது.

சட்டம் இதற்கு எவ்வளவு இடம் தருகிறது? ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மத்திய அரசின் மாதிரி விதிகள் எஞ்சிய இடங்களில் ஒரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளருக்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கோ தரலாம் என்கின்றன. அந்த ‘அல்லது’வில் பிள்ளை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. தேர்தல் ஆணையம் 2018-இல் தொடங்கிய தேர்தல் எழுத்தறிவு மன்றங்கள் உயர்நிலை வகுப்பு வயதிலிருந்துதான். தமிழக அரசு 2024 நவம்பர் 14 அன்று தொடங்கிய மகிழ் முற்றம் திட்டத்தில் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகிறார்கள். தெருக்களைக் கலைத்துப் போட்டு அந்த அணிகளை அமைத்தால் அது பெரிய காரியம். எந்தத் தெருவும் அல்லாத ஒரு ‘நாங்க’ அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. பதிவேடும் செயலியும் அவர்கள் நாளைத் தின்கின்றன. அதனால்தான் ஒரு நாள் பெருவிழாவாக நடத்தும் தேர்தலைவிட, வாரம் பதினைந்து நிமிடம் பேசும் கூட்டம் எளிது என்கிறேன்.

அந்தப் பள்ளிக்கு மறுவருடம் ஒரு டீச்சர் மாறுதலாகி வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பிள்ளைகள் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரத்துக் கணக்கைச் சொன்னது நாலாப்புப் பிள்ளை ஒருத்தி. ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குழாய் எட்டவில்லை என்று போன வாரம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் எச்.எம்.மிடம் போய்க் கேட்டாள். இரண்டு ஹாலோ பிளாக் கல் வந்தது, கல் ஆடியது, அடியில் மண்ணைக் கொட்டி மிதித்துச் சரிசெய்தார்கள், மீன் சின்னத்துப் பையனின் தங்கையும் சேர்ந்து. இனி கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் பாக்கி.

வகுப்புக்குள் போய்ப் பார்த்தேன். கரும்பலகையின் அதே ஓரம். பேசினவர்கள் பெயர் இருந்த இடத்தில் சின்னக் கையெழுத்தில் மூன்று வரி:

குழாய்க்குக் கல் – வந்தாச்சு.
பந்து – ஒண்ணு வந்தாச்சு, ஒண்ணு பாக்கி.
தாழ்ப்பாள் – ரெண்டு தடவை கேட்டாச்சு, இன்னும் வரலை.

மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி.